அனல்மின் நிலையப் புகையில் பாதரசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரியில் பாதரசமா? எவ்வளவு இருக்கும்?

நிலக்கரி உருவான காலத்திலேயே சேர்ந்த பாதரசம் அது. பெரும்பகுதி பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தோடு இருக்கும். மீதி கரியின் கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும். டன்னுக்கு 0.05 முதல் 0.3 கிராம் வரை என்பது பொதுவாகக் காணப்படும் அளவு. ஒரே சுரங்கத்திலும் அடுக்குக்கு அடுக்கு மாறும்.

படிக்கும்போது சொற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு 210 மெகாவாட் அலகு முழு உற்பத்தியில் ஓடினால், இந்திய நிலக்கரியை மணிக்கு ஏறத்தாழ 150 டன் எரிக்கும். டன்னுக்கு 0.15 கிராம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 22.5 கிராம். ஆண்டில் 70% நேரம் முழுப் பளுவில் ஓடியதாகக் கணக்கிட்டால் 138 கிலோ. பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருந்தது சுமார் ஒரு கிராம். ஒரே ஒரு அலகு ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தெர்மாமீட்டர்களின் பாதரசத்தை அடுப்பில் போடுகிறது. இதில் எவ்வளவு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது, எவ்வளவு வழியில் பிடிபடுகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

அடுப்புக்குள் போன பாதரசம் என்ன ஆகிறது?

கொதிகலனின் தீயில் வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் பாதரசம் முழுக்க ஆவியாகிவிடும். அடிச்சாம்பலில் தங்குவது இல்லையென்றே சொல்லலாம். புகைவாயு குளிர்ந்துகொண்டே வரும் பாதையில் அது மூன்றாகப் பிரிகிறது. ஒரு பகுதி தனிம ஆவியாகவே தொடரும். ஒரு பகுதி குளோரின் அல்லது புரோமினோடு சேர்ந்து மெர்க்குரிக் குளோரைடு போன்ற ஆக்சிஜனேற்ற வடிவம் பெறும். இன்னொரு பகுதி எரியாத கரித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றின் விகிதம் தெரியாமல் எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது. துகளில் ஒட்டியது இஎஸ்பியிலோ (மின்னூட்டத்தால் சாம்பலைப் பிடிக்கும் கருவி) பை வடிகட்டியிலோ பிடிபடும். ஆக்சிஜனேற்ற வடிவம் நீரில் கரையும், அதனால் ஈர எஃப்ஜிடி (புகையிலிருந்து கந்தக டைஆக்சைடைக் கழுவி நீக்கும் அமைப்பு) அதைக் கழுவிவிடும். தனிம ஆவி நீரிலும் கரையாது, துகளிலும் எளிதில் ஒட்டாது. எல்லாவற்றையும் தாண்டி வெளியே போவது அதுதான். பாதரசக் கட்டுப்பாட்டு நுட்பங்களில் பெரும்பாலானவை இந்தத் தனிம ஆவியை மற்ற இரண்டு வடிவங்களில் ஒன்றாக மாற்றுவதற்கான வழிகளே.

இந்தியாவில் வரம்பு என்ன? அது கடுமையானதா?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் ஒரு நார்மல் கன மீட்டர் (0 டிகிரியிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் அளந்த கன மீட்டர்) புகைவாயுவுக்கு 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 2003 டிசம்பர் 31க்கு முன் நிறுவப்பட்ட அலகுகளில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை முதல் நிலை ஆகிய இடங்களில் அமைந்த 210 மெகாவாட் அலகுகள் எல்லாம் 2003க்கு முற்பட்டவை. எனவே அந்த அறிவிக்கையின் பாதரச வரம்பு அவற்றைத் தொடவே இல்லை. மேலே கணக்குப் போட்டுப் பார்த்த 138 கிலோ அப்படிப்பட்ட ஓர் அலகுக்குத்தான்.

கடுமையா என்றால், இல்லை. சீனாவின் 2011ஆம் ஆண்டுத் தரநிலையும் இதே 0.03 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் 2012இல் வெளியாகி 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, பழுப்பு நிலக்கரி அல்லாத பழைய அலகுகளுக்கு வைத்த வரம்பை நம் அளவீட்டு முறைக்கு மாற்றினால் சுமார் 1.5 மைக்ரோகிராம் வரும். நம்முடையதில் இருபதில் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் பெரிய பழைய அலகுகளுக்கு வகுத்த அளவு, கருநிலக்கரிக்கு 4 மைக்ரோகிராமுக்குள், பழுப்பு நிலக்கரிக்கு 7க்குள். அமெரிக்க மின் நிலையங்களின் பாதரச வெளியீடு 2010க்கும் 2017க்கும் இடையில் 86% குறைந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே கணக்குக் காட்டியது. நிலையங்கள் மூடப்பட்டதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் செய்ய முடியாத வேலை இது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எங்கள் அலகு வரம்புக்குள் இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் கணக்கிட முடியுமா?

முடியும். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். கிலோவுக்கு 3,600 கிலோகலோரி உள்ள இந்திய நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால், 6% ஆக்சிஜனுக்குத் திருத்திய உலர்ந்த புகைவாயு சுமார் 5.2 நார்மல் கன மீட்டர் வரும். நிலக்கரியின் பாதரச அளவை (கிலோவுக்கு மில்லிகிராமில்) ஆயிரத்தால் பெருக்கி 5.2ஆல் வகுத்தால், எதுவுமே பிடிபடாத நிலையில் புகைபோக்கியில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்பது கிடைத்துவிடும்.

0.10 இருந்தால் 19. 0.15 இருந்தால் 29. 0.30 இருந்தால் 58. இந்த எண்களைச் சற்று நின்று கவனியுங்கள். டன்னுக்கு 0.15 கிராம் பாதரசம் உள்ள நிலக்கரியை எரிக்கும் நிலையம் ஒரு மில்லிகிராமைக்கூடப் பிடிக்காமலேயே 30 என்ற வரம்புக்குள் வந்துவிடுகிறது. ‘வரம்புக்குள் உள்ளது’ என்று அறிக்கையில் எழுதியிருப்பதாலேயே அங்கே கட்டுப்பாடு நடக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

கணக்கில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: ஆய்வகம் உலர்ந்த நிலக்கரிக்கான அளவைத் தரும், நீங்கள் எரிப்பதோ ஈரத்தோடு. ஈரம் 12% என்றால் ஆய்வக எண்ணை 0.88ஆல் பெருக்கிய பிறகே மேலே சொன்ன கணக்கில் போட வேண்டும். இன்னொன்று, ஒரே ஒரு மாதிரியை நம்புவது. இறக்குமதி நிலக்கரியும் உள்நாட்டு நிலக்கரியும் கலந்து எரிக்கும் நிலையத்தில் குறைந்தது ஒரு வாரத்துக்குத் தினமும், நிலக்கரியை ஊட்டும் ஃபீடரிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும்.

இஎஸ்பி இருக்கிறதே, அது பிடிக்காதா?

துகளில் ஒட்டியதை மட்டும் பிடிக்கும். அமெரிக்காவில் 1999இல் திரட்டிய அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஏர் ப்ரீஹீட்டருக்குப் (புகையின் சூட்டால் எரிகாற்றைச் சூடாக்கும் கருவி) பின்னால் வைத்த இஎஸ்பி, பிட்டுமினஸ் வகைக் கருநிலக்கரியில் சராசரியாக 36% பாதரசத்தைப் பிடித்தது, சப்-பிட்டுமினஸில் 3% மட்டுமே, லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரியில் எதுவுமில்லை. ஏர் ப்ரீஹீட்டருக்கு முன்னால், சூடான இடத்தில் வைத்த இஎஸ்பி பிட்டுமினஸில்கூட 9%தான் பிடித்தது. அதே பிட்டுமினஸ் நிலக்கரியில் பை வடிகட்டி 90% பிடித்தது.

காரணம் எளியது. இஎஸ்பியில் வாயு தகடுகளுக்கு நடுவே ஓடிப் போய்விடுகிறது. பை வடிகட்டியிலோ துணியின் மேல் படிந்த சாம்பல் படலத்தின் ஊடே அத்தனை வாயுவும் புகுந்து வந்தாக வேண்டும். அந்தப் படலத்தில் கொஞ்சம் எரியாத கரி இருந்தாலும் பாதரசம் அதில் சிக்கிக்கொள்ளும்.

நம் நிலையங்களுக்கு இதில் ஒரு பாதகம் உண்டு. இந்திய நிலக்கரியில் குளோரின் பொதுவாகக் குறைவு. அதனால் ஆக்சிஜனேற்றம் மந்தம். கொதிகலன் நன்றாக எரித்தால் சாம்பலில் எரியாத கரியும் ஓரிரு விழுக்காடுதான் இருக்கும். எரிதிறனுக்கு அது நல்லது, பாதரசத்துக்கு நல்லதல்ல.

எஃப்ஜிடி வந்தால் பாதரசமும் குறையும் என்றார்களே?

ஆமாம். 2015 அறிவிக்கைக்குப் பின் பலரும் அதையே எதிர்பார்த்தார்கள். கந்தக டைஆக்சைடுக்காகச் சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் கழுவும்போது, ஆக்சிஜனேற்ற வடிவப் பாதரசத்தில் பெரும்பகுதி கூடவே கரைந்துவிடும். தனிச் செலவில்லாமல் கிடைக்கும் பலன் அது.

2025 ஜூலையில் அந்தக் கணக்கு மாறியது. புதிய அறிவிக்கைப்படி டெல்லித் தலைநகரப் பகுதி அல்லது பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு மட்டுமே எஃப்ஜிடி கட்டாயம். அவற்றுக்கு 2027 இறுதி வரை அவகாசம். கடுமையாக மாசுபட்ட பகுதிகளை ஒட்டியவை தனித்தனியே ஆராயப்படும். மீதியுள்ள நிலையங்களுக்கு, அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு, புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்கு. கந்தகத்தைப் பற்றி அந்த முடிவில் எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும், பாதரசத்தைப் பற்றிய இழப்பு நிச்சயம்: இலவசமாகக் கிடைக்கவிருந்த பிடிப்பு அந்த நிலையங்களில் இனி கிடைக்காது. பாதரசத்துக்கான திட்டத்தை இனி தனியாகத்தான் போட வேண்டும். அப்படித் தனியாகப் போடும்படி இதுவரை பெரும்பாலான நிலையங்களிடம் யாரும் வற்புறுத்தவில்லை என்பதுதான் எங்கள் கவலை.

எஃப்ஜிடி ஓடுகிறது. ஆனாலும் வெளியே போகும் தனிமப் பாதரசம் உள்ளே வருவதைவிடக் கூடுதலாக இருக்கிறது. அளவீடு தவறா?

பெரும்பாலும் அளவீடு சரியாகவே இருக்கும். கழுவிப் பிடித்த பாதரசம் கரைசலிலிருந்து மறுபடி ஆவியாகிறது. கரைசலில் சல்ஃபைட் கூடினால் அது மெர்க்குரிக் அயனியைத் தனிமப் பாதரசமாக ஒடுக்கும். தனிமம் நீரில் நிற்காது, குமிழோடு மேலே போய்விடும்.

முதலில், சல்ஃபைட்டைச் சல்ஃபேட்டாக மாற்றும் ஆக்சிடேஷன் ஊதிகளின் காற்று உண்மையில் தொட்டி முழுக்கப் போகிறதா என்று பாருங்கள். காற்றுக் குழாயின் துளைகளில் ஜிப்சம் படிந்து பாதி அடைத்துக்கொண்டிருப்பது வழக்கமாகக் காணும் குறை. அலகின் பளு திடீரென ஏறும்போது சல்ஃபைட் அளவு எகிறுகிறதா என்றும் பாருங்கள். குளோரைடும் முக்கியம்: அது பாதரசத்தைக் கரைசலில் பிடித்து வைக்கும். வெளியேற்றும் நீரை அளவுக்கு மேல் கூட்டிக் குளோரைடைக் குறைத்துவிட்டால் மறு ஆவியாதல் கூடலாம்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் தொல்லை நின்றால், சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு அல்லது கரிமக் கந்தகச் சேர்மம் ஒன்றைக் கரைசலில் சிறிதளவு சேர்ப்பார்கள். பாதரசம் சல்ஃபைடாக வீழ்படிந்து திடப்பொருளோடு போய்விடும். சோடியம் ஹைட்ரோசல்ஃபைடைக் கையாள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கரைசல் அமிலமானால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது ஆளைக் கொல்லும். டோசிங் பம்ப் இருக்கும் இடத்தில் அந்த வாயுவுக்கான அலாரம் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

தூள் கரி செலுத்துவது எப்படி வேலை செய்கிறது? எவ்வளவு தேவை?

செயலூட்டப்பட்ட கரியை மாவுபோல் அரைத்து (துகள்களின் நடு அளவு 15–20 மைக்ரான்) புகைவாயுக் குழாயில் காற்றோடு ஊதுவதுதான் முறை. கரி பாதரசத்தை ஈர்த்துக்கொண்டு, பின்னால் உள்ள இஎஸ்பியிலோ பை வடிகட்டியிலோ சாம்பலோடு பிடிபடும். சைலோ, அதன் அடியில் சுழல் வால்வு, எடை பார்த்துத் தரும் ஃபீடர், ஊதி, எடக்டர், பிரிப்பான், ஹோஸ்கள், குழாய்க்குள் நீட்டிய ஊதுகுழல்களான லான்ஸ்கள். கருவி என்று பார்த்தால் இவ்வளவுதான். எஃப்ஜிடியோடு ஒப்பிட்டால் முதலீடு மிகக் குறைவு. செலவெல்லாம் ஓட்டத்தில், கரிக்கு.

அளவை நம் 210 மெகாவாட் அலகுக்கே போட்டுப் பார்க்கலாம். 145 டிகிரியில் அதன் புகைவாயு மணிக்குச் சுமார் 13 லட்சம் கன மீட்டர் இருக்கும். கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் கரி என்றால் மணிக்கு 65 கிலோ, நாளுக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். பின்னால் பை வடிகட்டி இருந்தால் 16–32 மில்லிகிராமே போதுமானதாக இருக்கும். இஎஸ்பி மட்டும் இருந்து, அதிகப் பிடிப்பும் வேண்டுமென்றால் 80–160 வரை போக வேண்டிவரும். இவை தொடக்க எண்கள். சரியான அளவு ஒவ்வொரு அலகிலும் 20, 40, 80 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது அரை நாள் நிறுத்தி அளந்த பிறகே தெரியும்.

கரியைக் கூட்டிக்கொண்டே போகிறோம், பாதரசம் இறங்கவில்லை. ஏன்?

முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல். சுமார் 180 டிகிரிக்கு மேல் கரியின் பிடிப்பு வேகமாகச் சரியும். கோடைக்காலத்தில் ஏர் ப்ரீஹீட்டர் அடைத்துக்கொண்டு வெளியேறும் வாயு 160–170ஐத் தொடும் அலகுகளில், கரிக்குச் செலவிடுமுன் ப்ரீஹீட்டரைக் கழுவுவதே நல்ல முதலீடு.

இரண்டாவது, கந்தக டிரைஆக்சைடு. கரியின் நுண்துளைகளில் பாதரசத்தோடு போட்டி போட்டு இடம்பிடிப்பது இது. சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) கூடினாலே தேவைப்படும் கரி பன்மடங்காகும். நம் நிலக்கரிச் சாம்பலுக்கு மின்தடை அதிகம் என்பதால் இஎஸ்பிக்கு உதவ அம்மோனியாவோ கந்தக டிரைஆக்சைடோ செலுத்துவது வழக்கம். டிரைஆக்சைடு செலுத்தும் இடம் கரி லான்ஸுக்கு முன்னால் இருந்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். அதை நிறுத்திவிட்டு ஒரு நாள் அளந்து பாருங்கள். விடை அன்றே கிடைத்துவிடும்.

மூன்றாவது, பரவல். புகைக்குழாய் ஓர் அறை அளவு அகலம். லான்ஸ் துளையிலிருந்து வரும் கரி ஒரு மூலையில் கோடுபோல ஓடினால், எதிர் மூலையில் போகும் வாயு கரியைப் பார்க்கவே பார்க்காது. லான்ஸை வெளியே இழுத்து நுனியைப் பாருங்கள். ஊதும் காற்றில் ஈரம் இருந்தால் நுனியில் கரியும் சாம்பலும் இறுகிக் கட்டியாகி, துளை பென்சில் பருமனுக்குச் சுருங்கியிருக்கும். பிரிப்பானில் ஒரு கிளை அடைத்தாலும் ஃபீடரின் எடைக் கணக்கு சரியாகவே காட்டும், ஏனென்றால் அந்தக் கரி மற்றக் கிளைகளில் போய்விடுகிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் இது தெரியாது. ஒவ்வொரு ஹோஸையும் ஷிஃப்டுக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்: கரி ஓடும் ஹோஸில் அதிர்வு இருக்கும், அடைத்ததில் இருக்காது.

கடைசியாக, கரிக்கும் வாயுவுக்கும் இடையே தொடர்பு நேரம். இஎஸ்பி வாசலுக்கு ஒரு நொடிக்கும் குறைவான தூரத்தில் லான்ஸ் இருந்தால் கரி பாதி வேலையோடு தகட்டில் படிந்துவிடும். இடம் இல்லையென்றால் ஏர் ப்ரீஹீட்டருக்கு முன்னால் செலுத்திப் பார்க்கலாம். அங்கே சூடு அதிகம், ஆனால் வாயு குளிர்ந்துகொண்டே வரும் பாதை முழுவதும் கரிக்கு வேலை நேரமாகக் கிடைக்கிறது.

நம் ஊர்க் கொட்டாங்குச்சிக் கரி பயன்படாதா?

காங்கேயம் வட்டாரத்திலும் இலங்கையிலும் கொட்டாங்குச்சியிலிருந்து தரமான செயலூட்டப்பட்ட கரி செய்கிறார்கள், ஏற்றுமதியும் நடக்கிறது. தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரிப்பதற்கும் அது பெயர் பெற்றது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. பறக்கும் வாயுவில் ஓரிரு நொடிக்குள் பாதரசம் உள்ளே புக, சற்றுப் பெரிய துளைகளும் வேண்டும். அமெரிக்க நிலையங்களில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரி அதிகம் பயன்பட்டதற்கு இது ஒரு காரணம். கொட்டாங்குச்சிக் கரியை நன்றாக அரைத்து, புரோமின் ஏற்றி, அலகில் சோதித்துப் பார்ப்பது பயனுள்ள முயற்சி. அயோடின் எண் (கரியின் நுண்துளைப் பரப்பைக் காட்டும் அளவு) அதிகம் என்ற ஒரே தகுதியை வைத்து வாங்கிவிடாதீர்கள். அந்த எண் பாதரசப் பிடிப்பைக் காட்டாது.

நிலக்கரியில் கால்சியம் புரோமைடு தெளித்தால் போதும் என்கிறார்களே?

52% கால்சியம் புரோமைடு கரைசலைக் கன்வேயரிலோ ஃபீடரிலோ தெளிப்பார்கள். நிலக்கரி எடையில் பத்து லட்சத்துக்குச் சில பத்து முதல் இருநூறு பங்கு புரோமின். குளோரின் குறைந்த நிலக்கரியில் இது தனிமப் பாதரசத்தை அற்புதமாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது. தெளிப்பானும் ஒரு தொட்டியும் இருந்தால் போதும், விலையும் குறைவு.

ஆனால் இது பாதரசத்தைப் பிடிக்காது, வடிவத்தை மட்டும் மாற்றும். பின்னால் ஈர எஃப்ஜிடியோ கரியோ இல்லாத நிலையத்தில் இதைத் தெளிப்பது தவறு என்று உறுதியாகச் சொல்கிறோம். தனிமப் பாதரசம் பல மாதங்கள் காற்றில் மிதந்து உலகெங்கும் பரவும். ஆக்சிஜனேற்ற வடிவமோ மழையோடும் தூசியோடும் பக்கத்து ஏரியிலும் வயலிலும் விழும். பிடிக்க வழியில்லாமல் வடிவத்தை மட்டும் மாற்றினால், அந்த நஞ்சை அக்கம்பக்கத்து மக்கள் தலையில் இறக்குகிறோம்.

ப்ரீஹீட்டரின் குளிர்ந்த முனையில் அரிப்பு கூடுகிறதா என்று முதல் ஆண்டிலேயே வெப்பத் தகட்டுக் கூடைகளை இறக்கிப் பார்க்க வேண்டும். எஃப்ஜிடிக் கழிவுநீரில் புரோமைடு சேரும். அந்த நீர் போகும் ஆற்றில் கீழே குடிநீர் எடுத்துக் குளோரின் போட்டால் புரோமின் கலந்த டிரைஹாலோமீத்தேன்கள் என்ற நச்சுச் சேர்மங்கள் உருவாகும்.

எஸ்சிஆர் (நைட்ரஜன் ஆக்சைடை வினையூக்கியால் குறைக்கும் கருவி) வைத்திருந்தால்?

நைட்ரஜன் ஆக்சைடுக்காக வைக்கும் வனேடியம் வினையூக்கி, 300–400 டிகிரியில் தனிமப் பாதரசத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரியச் செலுத்தும் அம்மோனியா இருக்கும் இடத்தில் இந்த வினை அடங்கிப்போகும். எனவே அம்மோனியா பெரும்பாலும் தீர்ந்துவிட்ட கடைசி அடுக்கில்தான் வேலை நடக்கிறது. அம்மோனியாவைக் கூடுதலாகச் செலுத்தும் நிலையத்தில் இந்தப் பலன் குறையும்.

சாம்பலைச் சிமென்ட் ஆலை வாங்காமல் போய்விடுமா?

அமெரிக்காவில் இது பெரிய தலைவலி. அங்கே சாம்பல் குறைவு, கரியின் பங்கு கூடுதலாகத் தெரியும். கான்கிரீட்டில் காற்றுக் குமிழ் உண்டாக்கச் சேர்க்கும் வேதிப்பொருளைக் கரி உறிஞ்சிவிடும்.

நம் நிலை வேறு. 38% சாம்பல் உள்ள நிலக்கரியை மணிக்கு 150 டன் எரித்தால் பறக்கும் சாம்பல் மட்டும் சுமார் 45 டன். அதில் 65 கிலோ கரி என்பது 0.14%. இந்தியத் தரநிலை ஐஎஸ் 3812 அனுமதிக்கும் எரிப்பு இழப்பு (சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியைக் காட்டும் அளவு) 5%. கரியால் அந்த எல்லை தாண்டப்போவதில்லை. பனி உறையாத நம் ஊர்களில் குமிழ் கான்கிரீட்டும் அபூர்வம். பிடிபட்ட பாதரசம் 90% என்றால் சாம்பலில் கிலோவுக்கு 0.45 மில்லிகிராம் சேரும். செங்கல்லாகவோ கான்கிரீட்டாகவோ கட்டிடத்தில் போனால் பெரிய கவலையில்லை. சிமென்ட் சூளைக்குள் மூலப்பொருளாகப் போனால் மட்டும் பாதரசம் மறுபடி முழுக்க ஆவியாகிவிடும். எனவே வாங்குபவர் கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டி) அரைத்த பிறகு கலக்கிறாரா, சூளைக்குள் போடுகிறாரா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. அதில் பாதி எடை நீர், சாம்பல் மிகக் குறைவு, அந்தச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு கிடைக்கிற ஆலசனை (குளோரின், புரோமின் போன்றவை) பிடித்துக்கொள்ளும், அதனால் பாதரசம் தனிம வடிவிலேயே தங்க வாய்ப்பு அதிகம். சாம்பல் குறைவு என்பதால் செலுத்தும் கரியின் பங்கும் சாம்பலில் பல மடங்கு கூடும். இரண்டாம் நிலைய விரிவாக்கத்தில் உள்ள 250 மெகாவாட் சுழல் படுகைக் கொதிகலன்கள் 850 டிகிரியை ஒட்டி ஓடுபவை. பொடி எரிக்கும் கொதிகலனின் எண்களை அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. சாதாரணக் கரியை விடப் புரோமின் ஏற்றிய கரியையே இங்கே முதலில் சோதிக்கச் சொல்வோம்.

நிலக்கரியைக் கழுவினால் குறையுமா?

பைரைட்டோடு இருக்கும் பகுதி குறையும். எவ்வளவு என்பது நிலக்கரியைப் பொறுத்தது. 500 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோகும் நிலக்கரியில் சாம்பல் 34%க்கு மேல் கூடாது என்றிருந்த விதி 2020 மே மாதம் நீக்கப்பட்டதால், கழுவுவதற்கான கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

புகைபோக்கியில் பாதரசத்தை எப்படி அளப்பது? எங்கே தவறு நேர்கிறது?

நம்பகமான எளிய வழி, கரிப்பொறிக் குழாய். விரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் அயோடின் ஏற்றிய கரியை இரண்டு பகுதியாக நிரப்பியிருப்பார்கள். இப்படி இரண்டு குழாய்களை ஒரே ஆய்வுகோலில் பக்கம் பக்கமாகப் பொருத்தி, புகைபோக்கிக்குள் நுழைத்து, அளந்த வேகத்தில் வாயுவை இழுக்க வேண்டும். பிறகு கரியில் உள்ள பாதரசத்தை ஆய்வகத்தில் அளப்பார்கள்.

முடிவை ஏற்குமுன் மூன்றைச் சரிபாருங்கள். இரண்டாம் பகுதியில் இருக்கும் பாதரசம் முதல் பகுதியில் இருப்பதில் 10%க்கு மேல் போனால், கரி நிறைந்து வழிந்திருக்கிறது. இரட்டைக் குழாய்களின் முடிவு 10%க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான செறிவில் 20% வரை விடலாம். முன்கூட்டியே தெரிந்த அளவு பாதரசம் ஏற்றிய குழாயில் அந்த அளவின் 85–115% திரும்பக் கிடைக்க வேண்டும். கசிவுச் சோதனையைத் தொடக்கத்திலும் முடிவிலும் செய்ய வேண்டும்; முடிவில் செய்யாத அறிக்கையை ஏற்க வேண்டாம்.

இந்த முறை மொத்தத்தை மட்டும் சொல்லும். வடிவம் வாரியாகத் தெரிய ஒன்டாரியோ ஹைட்ரோ முறை வேண்டும்: பொட்டாசியம் குளோரைடு கரைசலுள்ள குடுவைகளில் ஆக்சிஜனேற்ற வடிவமும், பெர்மாங்கனேட் குடுவைகளில் தனிமமும் சிக்கும். இஎஸ்பிக்கு முன்னால், தூசி நிறைந்த இடத்தில் எடுக்கும்போது வடிகட்டியில் படியும் சாம்பலே பாதரசத்தை ஆக்சிஜனேற்றிப் பொய் விகிதம் காட்டும். அதனால் வடிவ அளவீட்டைத் தூசி குறைந்த, இஎஸ்பிக்குப் பின்னான இடத்தில் எடுப்பதே மேல்.

தொடர் அளவீட்டுக் கருவி வைப்பவர்கள் முழு மாதிரிக் குழாயையும் 180 டிகிரியை ஒட்டிச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஓர் இணைப்பு குளிர்ந்தாலும் பாதரசம் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகக் காட்டி, இரண்டு நாள் கழித்துத் தானாகக் கழன்று திடீரென ஏறும். அந்த ஏற்றத்தை நிலக்கரி மாறியதன் விளைவு என்று தவறாகப் படிப்பவர்கள் பலர்.

அளவீடு எதுவானாலும் பொருள்சமநிலை போடுங்கள்: நிலக்கரியில் வந்தது எவ்வளவு, சாம்பல், ஜிப்சம், கழிவுநீர், புகைபோக்கி நான்கிலும் சேர்த்துப் போனது எவ்வளவு. 80–120% வந்தால் நம்பலாம். 50% வந்தால் எங்கோ ஒரு மாதிரி தவறு.

கரி சைலோவில் என்ன ஆபத்து?

இரண்டு. பிடிபட்ட சாம்பல் வந்து சேரும் ஹாப்பரில் தேங்கிய கரி கலந்த சாம்பல் தானாகச் சூடேறித் தீப்பற்றும். கரி செலுத்தும் அலகில் ஹாப்பரைச் சேமிப்புக் கிடங்காக வைக்காமல் தொடர்ந்து காலி செய்ய வேண்டும், ஹாப்பர் ஹீட்டரின் வெப்பத்தைக் குறைத்து வைக்க வேண்டும். சைலோவில் கார்பன் மோனாக்சைடு அளவி கட்டாயம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது: ஈரமான செயலூட்டப்பட்ட கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சைலோவின் மூடியைத் திறந்ததும் வாடை எதுவும் இருக்காது; உள்ளே இறங்கியவர் சில நொடியில் சரிந்துவிடுவார். ஆக்சிஜன் அளக்காமல், வெளியே காவலாள் இல்லாமல், ஒரு கட்டியை உடைப்பதற்காகக்கூட யாரையும் இறக்கக் கூடாது.

நிலையத்தின் அருகில் வசிக்கிறோம். என்ன கேட்கலாம்?

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிலையங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்குரியது. அதில் பாதரசம் என்ற வரியைத் தேடுங்கள். ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று இருந்தால், அந்த ஆய்வகம் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அளந்த அன்று அலகு எத்தனை மெகாவாட்டில் ஓடியது, எந்தச் சுரங்கத்து நிலக்கரி, எத்தனை மணி நேரம் மாதிரி எடுத்தார்கள், நிலக்கரியின் பாதரச அளவு என்ன என்று கேளுங்கள். அரசு நிலையமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தக் கேள்விகள் அனைத்தையும் ஒரே மனுவில் வைக்கலாம். தனியார் நிலையமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், அவர்களுக்கு அந்நிலையம் கொடுத்த அறிக்கையைக் கேட்கலாம்.

சாம்பல் குட்டையை ஒட்டிய ஏரி மீனை ஆய்வுக்கு அனுப்புவதானால், மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீனாக, விரால் போன்றதாகத் தேர்ந்தெடுங்கள். பாதரசம் நீரில் மெத்தில் வடிவம் பெற்று உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகச் செறியும். சின்ன மீனில் தெரியாதது விராலில் தெரியும். ஒவ்வொரு மீனின் நீளத்தையும் எடையையும் குறித்து, முள் இல்லாத சதையைத் தனிப் பையில் போட்டு, ஐஸில் வைத்து அன்றே அனுப்புங்கள்.